மேடைக்குப் பின்னே ஒரு நாள்

கடன் விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டிருந்த விலைப்புள்ளியில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. எல்.இ.டி. திரைப் பலகைகள், ஒலிபெருக்கிகள், சுழலும் விளக்குகள் ஆகியவற்றை ஏற்றுக்கொண்ட நாங்கள், கேபிள்கள், கனெக்டர்கள், சக்கரம் வைத்த பெட்டிகள், பாரம் தூக்கும் செயின் ஹாய்ஸ்ட்டுகள் ஆகியவற்றைச் 'சில்லறை இனங்கள்' எனக் குறித்துச் சிவப்பு மையால் அடித்துவிட்டோம். மொத்தத் தொகையில் அவை ஏறத்தாழக் கால் பங்கு.

2019ஆம் ஆண்டு, புணே நகரக் கிளையொன்றில் நாங்கள் பணியாற்றியபோது நிகழ்ந்தது இது. விண்ணப்பித்தவர், நிகழ்ச்சிகளுக்கு ஒலி, ஒளி, திரை, மேடை ஆகிய நான்கையும் ஒருசேர அமைத்துத் தரும் தொழில் நடத்துபவர். நம் ஊரில் 'மைக் செட்' என்னும் இரு சொற்களில் அடக்கிவிடும் தொழில்தான். எங்கள் சிவப்பு மையைப் பார்த்த அவர் வாதாடவில்லை. "சனிக்கிழமை ஒரு நாள் எங்களோடு மைதானத்துக்கு வாருங்கள் சார். அதன் பிறகும் அடிக்க வேண்டுமென்று தோன்றினால் அடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த ஏப்ரல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவர் சென்று சேர்ந்தோம். பணியாளர்கள் அவரை 'தாதா' என்று அழைத்தார்கள். மராட்டியில் தாதா என்றால் அண்ணன். தமிழ்த் திரைப்படங்கள் அச்சொல்லுக்கு இழைத்த கேட்டைச் சற்றே மறந்துவிட வேண்டும்.

லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கிய முறையே முதல் பாடமாக அமைந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம். கடைசியில் தேவைப்படும் பெட்டி லாரியில் முதலில் ஏற்றப்படுகிறது. மேடைத்தளம் எழுந்த பின், அலுமினியச் சட்டங்களாலான 'ட்ரஸ்' தரையில் வைத்தே இணைக்கப்பட்டு, அதில் விளக்குகள் இடுப்பளவு உயரத்திலேயே மாட்டிச் சோதிக்கப்பட்டன. அதன் பின்னரே செயின் ஹாய்ஸ்ட்டுகள் அதனை மேலே தூக்கின. உயரே சென்ற பின் பழுதடைந்த ஒரு விளக்கை மாற்ற வேண்டுமானால், ஒருவர் கயிறு கட்டி ஏற வேண்டும். அல்லது அனைத்தையும் கீழிறக்க வேண்டும். ஆகவே தரையில் செலவிடும் ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் அஞ்சுவதில்லை.

மின்சாரத்துக்கு இரண்டு ஜெனரேட்டர்கள் நின்றன: ஒன்று விளக்குகளுக்கு, மற்றொன்று ஒலிக்கும் திரைக்கும். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்களும் ஒலிக்கருவிகளும் ஒரே மின்தொடரில் இருந்தால், ஒலிபெருக்கியில் வண்டு ரீங்காரம் போன்ற இரைச்சல் நுழைந்துவிடக்கூடும் என்று விளக்கினார்கள்.

எங்களை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது ஒலியின் கணக்கு. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் செல்கிறது. மேடையிலிருந்து 70 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவரை அது அடைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும். பின்வரிசையாருக்கென அங்கே தனியே நிறுத்தப்படும் ஒலிபெருக்கிக்கோ கேபிள் வழியே குறிப்பு உடனே வந்துவிடும். இரண்டும் அப்படியே ஒலித்தால் ஒரே சொல் இருமுறை கேட்கும். எனவே பின்னால் உள்ள ஒலிபெருக்கியை அதே ஐந்தில் ஒரு நொடி வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். திரையின் சிக்கல் இதற்கு நேர்மாறு. கேமராவில் பதியும் காட்சி பல கருவிகளைக் கடந்து எல்.இ.டி. திரைக்கு வரச் சில சட்டகங்கள் பிந்துகிறது. நொடிக்கு 25 சட்டகங்கள் என்றால், மூன்று சட்டகத் தாமதம் 120 மில்லிநொடி. முன்வரிசையில் இருப்பவருக்குப் பாடகரின் வாயசைவு திரையில் சற்றே பின்தங்கித் தெரியும். நாற்பது மீட்டர் தொலைவில் அமர்ந்தவருக்கு ஒலியும் அதே அளவு பிந்துவதால் இரண்டும் தாமாகவே பொருந்திவிடும். விலையுயர்ந்த முன்வரிசை இருக்கையே எல்லா வகையிலும் சிறந்தது என்று எண்ணியிருந்த எங்களுக்கு இது புதிய செய்தி.

இந்த நான்கு பிரிவுகளையும் இணைப்பது ஒரே ஒரு குரல். தலையில் ஹெட்செட் அணிந்த இளம்பெண் ஒருவர் கியூ ஷீட்டை முன்னே விரித்து அமர்ந்திருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் 'ஸ்டாண்ட் பை' என்பார். சம்பந்தப்பட்டவர்கள் மறுமொழி தருவார்கள். பின்பு 'கோ' என்பார். அந்தக் கணத்தில் விளக்கு அணையும், திரை மாறும், மைக் திறக்கும். நிகழ்ச்சி முடியும்வரை அந்த இணைப்பில் வேறு எதற்காகவும் எவரும் 'கோ' என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. ஒருவர் பதிய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கும் எங்கள் வங்கி நடைமுறை அப்போது நினைவுக்கு வந்தது. எங்களுக்காவது மறுநாள் திருத்தப் பதிவு என்றொரு வழி உண்டு.

மாலை ஐந்தரை மணி. கோடைக்கால மாலைகளில் புணேயில் திடீரென இடியும் காற்றுமாக வானம் மாறுவது வழக்கம். ட்ரஸின் உச்சியில் பொருத்தியிருந்த காற்றுமானியின் அளவு ஏறத் தொடங்கியதும் தாதா கூரையை இறக்கச் சொன்னார். நிகழ்ச்சி அமைப்பாளர் கடுங்கோபத்துடன் விரைந்து வந்தார். ஆறரை மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார், ஒத்திகை முடியவில்லை, நாலு தூறலுக்கு இவ்வளவு அச்சமா என்று கேட்டார். "மழைக்கு அஞ்சவில்லை, காற்றுக்கு அஞ்சுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாதா தம் வேலையைப் பார்த்தார். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் பலத்த காற்றில் மேடைக்கூரை சரிந்து எழுவர் உயிரிழந்ததைப் பின்னர் எங்களிடம் கூறினார். இத்தொழிலில் இருப்போர் மறக்கக்கூடாத நாள் என்றார்.

விளக்குகளும் திரையும் தாங்கிய அந்தக் கூரை சில நிமிடங்களில் தரையை நெருங்கியது. அதனை இறக்கியவை, நாங்கள் சிவப்பு மையால் அடித்த செயின் ஹாய்ஸ்ட்டுகள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

காற்று அரை மணி நேரம் வீசி அடங்கியது. நிகழ்ச்சி ஐம்பது நிமிடம் பிந்தித் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அன்று அத்தகைய நாளன்று. 1953இல் பண்டிட் பீம்சேன் ஜோஷி தொடங்கிய புணேயின் சவாய் கந்தர்வ இசைவிழாவே, விடியவிடிய நடந்த தன் வழக்கத்தை இக்கட்டுப்பாட்டுக்குப் பின் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கடைசி இரு பாடல்கள் நீக்கப்பட்டு, பத்துக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் நிகழ்ச்சி முடிந்தது. நள்ளிரவுக்குப் பின் லாரிகள் ஏறும் தறுவாயில் இருபது மீட்டர் கேபிள் ஒன்று கணக்கில் குறைந்தது. மேடைப் பலகை ஒன்றின் அடியில் அது கிடைக்கும்வரை எவரும் நகரவில்லை.

திங்கட்கிழமை குறிப்பை மாற்றி எழுதினோம். விலைப்புள்ளி முழுவதற்கும், சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ், சொத்து ஈடு இல்லாமல் கடன் வழங்கப்பட்டது. (2025 ஏப்ரல் முதல் இவ்வுத்தரவாதத்தின் உச்சவரம்பு 10 கோடி ரூபாய்.) திரைப் பலகைகளில் உதிரியாகச் சிலவற்றை அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து வாங்கவும் இசைந்தோம். வேறு தொகுதிப் பலகையைப் பின்னாளில் சேர்த்தால் நிறம் ஒட்டுப்போட்ட துணிபோல் வேறுபட்டுத் தெரியும் என்பதை மைதானத்தில் கேட்டறிந்திருந்தோம்.

உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. தாமதத்தைக் காரணம் காட்டி அமைப்பாளர் பணத்தை நிறுத்திவைத்தார். ஏப்ரல் மாத விலைப்பட்டியலுக்குரிய ஜி.எஸ்.டி.யையோ, பணம் வந்தாலும் வராவிட்டாலும், மே 20ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துவழி ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்குள், ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள், பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. பணியில் குறையிருப்பின் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் ஏற்றதாகவே கருதப்படும். அமைப்பாளர் எழுத்தில் எதையும் தரவில்லை. ஆயினும் தாதாவால் இச்சட்டத்தின் துணையை நாட இயலவில்லை. அவர் சிறு தொழிலாகப் பதிவு செய்திருக்கவில்லை. 'எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்கும் தொழில் சார்' என்றார். ஏழு மாதங்கள் கழித்துப் பிடித்தம் போக மீதி வந்தது. இடைக்காலத்தில் தற்காலிக மிகைப்பற்று வசதி அளித்துத் தவணை தவறாமல் பார்த்துக்கொண்டோம்.

அவர் நிமிர்வதற்குள் 2020 மார்ச் வந்தது. நிகழ்ச்சிகள் அனைத்தும் நின்றன. பெட்டிகள் கிடங்கில் உறங்கின. ஆகஸ்ட்வரை தவணை ஒத்திவைப்பு இருந்தது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருந்ததை நாங்கள் அவரிடம் மறைக்கவில்லை. அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், நிலுவைக் கடனில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்ததைக் கொண்டு பணியாளர்களில் பாதிப்பேரையாவது தக்கவைத்தார். அதே ஆண்டில் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவும் செய்துகொண்டார்.

இப்போது நிலைமை சற்றே தெளிந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலக்கெடுவுக்குள் பணம் தராதவர், உண்மையில் தரும் ஆண்டில்தான் அச்செலவை வருமான வரியில் கழிக்க இயலும். மார்ச் மாதத்தில் தாதாவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் தொனியே மாறிவிட்டதாம்.

அண்மையில் தம் ஒப்பந்தப் படிவத்தை எங்கள் பார்வைக்கு அனுப்பியிருந்தார். அதன் பதினோராவது பிரிவு காற்றைப் பற்றியது. காற்றுமானி குறித்த எல்லையைத் தாண்டினால் கூரையை இறக்கும் முடிவு அவருடையது. அதனால் நேரும் தாமதத்துக்குத் தொகையில் பிடித்தம் கூடாது. அமைப்பாளர்கள் பெரும்பாலோர் அதைப் படிக்காமலே கையொப்பமிடுகிறார்கள் என்று கூறிச் சிரித்தார்.