வண்டி கிளம்பும் முன்

அதிகாலை ஐந்தே முக்கால். சரக்கு ஏற்றிய டிரெய்லர் கிளம்பத் தயாராக நிற்கிறது. சாவி வாங்க ஜன்னலுக்கு வந்த டிரைவரின் கண்கள் சிவந்திருக்கின்றன. கையெழுத்துப் போடும்போது பேனா கோட்டை விட்டு ஓடுகிறது. பல வருடப் பழக்கம், சேர்ந்து சாப்பிட்ட மனிதர். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளர் என்ன செய்வார்?

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. கனரக லாரி, டிரைவரையும் சேர்த்து 16 பேருக்குக் குறையாமல் ஏறும் பஸ், அபாயகரமான சரக்கு வண்டி ஆகியவற்றை ஓட்டுகிறவர்களின் மேற்பார்வையாளர், மதுவைப் பற்றிக் குறைந்தது 60 நிமிடமும் போதைப்பொருளைப் பற்றி இன்னொரு 60 நிமிடமும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பெற்றவர்தான் ‘நியாயமான சந்தேகம்’ என்ற அடிப்படையில் ஒரு டிரைவரைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும்.

அபின் வகை மருந்துகளில் கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், ஊக்க மருந்துகளில் விரியும், பேச்சு படபடக்கும் என்றெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய பாடம், கண்டதைக் கண்டபடி எழுதக் கற்பது. தோற்றம், நடத்தை, பேச்சு, உடல் வாடை என்று நான்கைத்தான் சட்டம் கேட்கிறது. அதுவும் அந்த நேரத்தில் தானே கவனித்ததாக, இன்னது என்று விண்டு சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘குடித்த மாதிரி இருந்தார்’ என்று எழுதினால் அது ஊகம். ‘5.50 மணி. வாயில் மது வாடை. எந்த வழியாகப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு இரண்டு முறை இரண்டு பதில். திரும்பும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார்’ என்று எழுதினால் அது சாட்சி. யாரோ போனில் சொன்னார்கள், போன மாதமே இவர்மேல் புகார் இருந்தது என்பது மட்டும் போதாது.

இந்தக் கறார் முதலில் காப்பாற்றுவது டிரைவரைத்தான். பிடிக்காதவனைப் பழிவாங்கப் பரிசோதனையைக் கையில் எடுக்கும் முதலாளிகள் எந்த ஊரிலும் இருப்பார்கள். தவிர, ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் குடிக்காதவருக்கும் நாக்கு குழறும், கால் தள்ளாடும். பக்கவாதத்தின் தொடக்கமும் அப்படியே இருக்கலாம். நோயைக் கண்டுபிடிப்பது மேற்பார்வையாளரின் வேலை இல்லை. உடல்நிலைதான் காரணம் என்று பட்டால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எதுவானாலும் வண்டி கிளம்பக் கூடாது.

1999 மே 9, அன்னையர் தினம். நியூ ஆர்லியன்ஸில் முதியவர்களை ஏற்றிக்கொண்டு சூதாட்ட விடுதிக்குப் போன பஸ் நெடுஞ்சாலையை விட்டு விலகி மோதியதில் 22 பேர் இறந்தார்கள். டிரைவருக்கு இதயமும் சிறுநீரகமும் கடுமையாகப் பழுதாகியிருந்தன. பரிசோதித்தபோது உடலில் கஞ்சாவும் இருந்தது. முன்பு வேலை பார்த்த இடங்களில் போதைப் பரிசோதனையில் சிக்கியவர் அவர் என்பதும் பிறகு வெளிவந்தது. அப்படிச் சிக்கியவர்களின் விவரத்தை அடுத்த கம்பெனியும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்ற தேசியப் பதிவேடு நடைமுறைக்கு வர 2020 ஜனவரி 6 வரை ஆயிற்று. இருபது ஆண்டுத் தாமதத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இந்தப் பரிசோதனைகளுக்கு அடித்தளமான 1991ஆம் ஆண்டுச் சட்டமே உயிர்ப்பலிக்குப் பிறகு வந்ததுதான். அவ்வாண்டு ஆகஸ்ட் 28 நள்ளிரவு கடந்து, நியூயார்க் யூனியன் ஸ்கொயர் அருகே சுரங்க ரயில் ஒன்று தடம்புரண்டு ஐந்து பேர் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். விபத்துக்கு முன்பே அந்த ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறது. கோளாறு கண்ணுக்குத் தெரிந்தும் ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அக்டோபரிலேயே லாரி, பஸ், ரயில், விமானம் எல்லாவற்றையும் தழுவி நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

சந்தேகம் உறுதியானபின் செய்ய வேண்டியதில் சுற்றிவளைப்பு இல்லை. மற்றவர்கள் காதில் விழாத இடத்துக்கு அழைத்து, “உங்களைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, நானும் வருகிறேன்” என்று சொன்னால் போதும். குற்றம் சாட்டத் தேவையில்லை. அவரே வண்டி ஓட்டிக்கொண்டு போக விடவும் கூடாது. மதுப் பரிசோதனை இரண்டு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். தவறினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் தாண்டினால் முயற்சியைக் கைவிட வேண்டும். அளவு 0.02 வந்தாலே 24 மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. 0.04 தொட்டால் நிபுணரின் மதிப்பீடு, சிகிச்சை, மறுபரிசோதனை எல்லாம் முடிந்தே திரும்பலாம். பரிசோதனைக்கு மறுப்பதற்கும் இதே விளைவுதான்.

கஞ்சா விஷயத்தில் சிக்கல் கூடுதல். பல மாநிலங்களில் அது சட்டப்படி கிடைக்கிறது. டிரைவர்களுக்கு மட்டும் மத்திய அரசின் தடை நீடிக்கிறது. மூச்சில் தெரியும் மது இந்த நிமிடத்தைச் சொல்லும். சிறுநீரில் தெரியும் கஞ்சா பல நாள் பழையதாகவும் இருக்கலாம். இப்போது இவர் தள்ளாடுகிறாரா என்பதைச் சொல்ல, நேரில் நிற்கும் ஒரு மனிதரின் கண்தான் இருக்கிறது.

அந்தக் கண்ணுக்கு லாரித் துறை விதி ஒரே ஒருமுறைதான் பயிற்சி கேட்கிறது. புத்தாக்கப் பயிற்சி கட்டாயமில்லை; பத்து வருடத்துக்கு முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டவர் இன்றும் தகுதியுள்ளவர்தான். பழகிய முகத்தைப் பார்த்துத் “தள்ளி நில்லுங்கள்” என்று சொல்லும் தைரியம் ஒரே பாடத்தில் வந்துவிடாது. அதை வருடாவருடம் நடித்துப் பார்த்தே பழக வேண்டும். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் டிரைவர்களை, வாரக்கணக்கில் யாரும் நேரில் பார்ப்பதில்லை. அவர்களை அனுப்புகிறவருக்குக் கிடைப்பது போனில் ஒரு குரல் மட்டும். குழறலையும் தடுமாற்றத்தையும் குரலிலிருந்தே பிடிக்கத் தனிப் பயிற்சி தர வேண்டும். வழக்கத்துக்கு மாறாக ஒலித்தால், அருகிலுள்ள கிளையிலிருந்து ஒருவரை அனுப்பி நேரில் பார்க்கும் ஏற்பாட்டையும் கம்பெனிகள் செய்துவைக்க வேண்டும்.