மின் நிலையங்களுக்குச் சரக்கு கொடுக்க விரும்பும் வியாபாரிகள் கவனத்திற்கு

மின்துறை டெண்டர் என்றாலே டிரான்ஸ்பார்மர், கேபிள், நிலக்கரி என்று பெரிய இடத்து விவகாரம், நமக்கு அங்கே என்ன வேலை என்று மளிகைக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் மூன்று ஷிப்டும் ஓடுகிற மின் நிலையத்தில் ஆட்கள் சாப்பிட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டக் காலம் தொட்டே பெரிய தொழிற்சாலைகளில் கேண்டீன் இருந்து வருகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் போக, இயந்திரம் துடைக்கக் காட்டன் வேஸ்ட், பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், கயிறு, சாக்கு என்று நம் கடைச் சரக்கு அங்கே நிறையவே தேவைப்படுகிறது. சில இடங்களில் கேண்டீனை ஒப்பந்ததாரர் நடத்துவார். அங்கே டெண்டர் கிடையாது, அவரிடம்தான் பேச வேண்டும். இதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

எங்கே தேடுவது? மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை போன்றவை மாநில அரசைச் சேர்ந்தவை. இவற்றின் அறிவிப்புகள் தமிழக அரசின் டெண்டர் இணையதளத்தில் வருகின்றன. நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம் மத்திய அரசு நிறுவனங்களுடையவை. இவர்கள் 2016-இல் தொடங்கிய ‘ஜெம்’ எனும் அரசு மின் சந்தையிலும், மத்திய கொள்முதல் தளத்திலும் வாங்குகிறார்கள். தமிழக அரசின் டெண்டர் தளத்திலும் மத்திய கொள்முதல் தளத்திலும் விலை போட மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். ஆடிட்டரிடம் சொன்னால் வாங்கித் தந்துவிடுவார்.

இன்னொன்று. பழைய மின்சார வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டது. 2024-இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என மறுபடியும் தனித்தனிக் கழகங்களாயின. எனவே பழைய பழக்கத்தில் ‘மின்சார வாரியம்’ என்று பெயர் போட்டு டி.டி. எடுக்காதீர்கள். டெண்டர் படிவத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அதே பெயரில் எடுங்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். சிறு, குறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகை கிடையாது, டெண்டர் படிவம் இலவசம், மத்திய அரசு நிறுவனங்களின் கொள்முதலில் 25 சதவீதம் அவர்களுக்கே என்றெல்லாம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். 2012-இல் வந்த கொள்முதல் கொள்கை அப்படித்தான் சொல்கிறது. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளும் ‘உத்யம்’ பதிவு செய்யலாம் என்று அறிவித்தார்கள். நம்மவர்கள் ஓடிப்போய்ச் சான்றிதழ் வாங்கிக் கடையில் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆனால் அந்த அறிவிப்பிலேயே வியாபாரிகளுக்குக் கிடைப்பது வங்கிகளின் முன்னுரிமைக் கடன் சலுகை மட்டும் என்று தெளிவாக இருக்கிறது. டெண்டர் சலுகை உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பும் வாங்கி விற்கும் நமக்கு இல்லை.

இது தெரியாமல் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் முன்வைப்புத் தொகை கட்டாமல் உத்யம் சான்றிதழை மட்டும் இணைத்து டெண்டர் போட்டார். தொழில்நுட்பக் கவரிலேயே தள்ளிவிட்டார்கள். அவருடைய விலைக் கவரைப் பிரிக்கவே இல்லை. சொந்தமாக மசாலா அரைப்பவர், செக்கு வைத்திருப்பவர் என்றால் கதை வேறு. உற்பத்தியாளராகப் பதிவு செய்து, அந்தச் சரக்குக்குச் சலுகை கேட்கலாம்.

அடுத்து விலை. ஒரு வருடத்துக்கு ஒரே விலை என்று பல டெண்டர்களில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். துவரம் பருப்பு மாதம் 2 டன், கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் லாபம் என்றால் வருடத்துக்கு 36,000 ரூபாய். நடுவில் விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறி நாலு மாதம் நின்றால், அந்த 8 டன்னில் மட்டும் 68,000 ரூபாய் போய்விடும். மீதி எட்டு மாத லாபம் 24,000-ஐக் கழித்தாலும் 44,000 கைநஷ்டம். சரக்கு அனுப்பாமல் நிறுத்தினாலோ தாமத அபராதம், அதற்கும் மேலே போனால் காப்புத் தொகை பறிமுதல். ஆகவே பருப்பு, எண்ணெய்க்கு விலை மாற்ற விதி இருக்கிறதா, ஒப்பந்தம் மூன்று மாதமா ஒரு வருடமா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். துடைப்பம், கயிறு, பினாயிலில் இந்த அளவு ஆட்டம் இல்லை. புதிதாக இறங்குபவர் அதில் தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

விலை போடும்போது வண்டி வாடகை, இறக்குகூலி, நிராகரித்த மூட்டையைத் திருப்பி எடுத்துவரும் செலவு எல்லாவற்றையும் அடக்கத்தில் சேருங்கள். பணம் வர எத்தனை நாள் ஆகும் என்பதை அங்கே ஏற்கெனவே சப்ளை செய்பவரிடம் கேட்டு, அத்தனை நாள் வட்டியையும் சேருங்கள். நாம் பருப்பு வாங்கும் மண்டிக்காரர் அரசு பில் வரும்வரை காத்திருக்கமாட்டார்.

ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், வரிக்குரிய சரக்குக்கு 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தம் உண்டு. இது 2018 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. 5 லட்சம் பில்லுக்கு 10,000 குறைவாக வரும். அது நஷ்டமல்ல, ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றுக்கொண்டால் நம் ரொக்கப் பேரேட்டில் வரவாகும். ஏற்றுக்கொள்ளாமல் விட்டவர்களின் பணம் அங்கேயே கிடக்கிறது. உங்கள் கணக்குப்பிள்ளையிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.