ஹாஸ்கெல் படித்தால் வேலை கிடைக்குமா?

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இல்லாத வீடு இன்று அரிது. கொச்சங்காடியிலிருந்து காக்கநாடு இன்ஃபோபார்க்குக்குத் தினமும் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. விண்ணப்பம் அனுப்பியே சலித்தவர்களும் உண்டு. ஜாவாவும் பைத்தானும் தெரிந்தவர்கள் ஏராளம். அதனால் மகளோ மகனோ "நான் ஹாஸ்கெல் படிக்கிறேன்" என்கிறபோது, பெயரே கேள்விப்படாத ஒன்றில் காலத்தை வீணாக்குவானேன் என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பே.

ஹாஸ்கெல் புதிய மொழியல்ல. அறிஞர் குழு ஒன்று வகுத்து 1990-இல் வெளியிட்ட மொழி. அமெரிக்கத் தர்க்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கரியின் பெயரைத் தாங்கியது. இதன் சிறப்பை ஓர் உதாரணத்தால் சொல்லலாம். ஆட்டோ அழைத்தால் ஓட்டுநர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அப்படி 'இல்லாமலும் போகலாம்' என்று குறித்த தகவலை, நிச்சயம் இருப்பதாக எண்ணிப் பயன்படுத்தினால், கம்பைலர் நிரலை ஏற்கவே ஏற்காது. பிழை வாடிக்கையாளரிடம் போகுமுன் மேசையிலேயே பிடிபடுகிறது.

ஆட்டோவைச் சொன்னது காரணமாகத்தான். 2021-இல் நம் கொச்சியில் 'யாத்ரி' என்ற டாக்ஸி செயலி வந்தது நினைவிருக்கும். அதை உருவாக்கியது பெங்களூரின் ஜஸ்பே நிறுவனம். 2022-இல் அங்கே 'நம்ம யாத்ரி' ஆட்டோ செயலி வந்தது. அதன் பின்னணி நிரல் ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. மூல நிரல் பொதுவில் உள்ளது. காசு கொடுக்காமல் யாரும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம்.

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்க வருகிறவர் வாய்ப்பேச்சில் மயங்குவதில்லை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்கிறார். இந்த வேலைக்கும் அப்படித்தான். ஹாஸ்கெல் இடங்கள் குறைவு, அதைத் தெரிந்தவர்களும் குறைவு. பயிற்சி மையத்தின் சான்றிதழைவிட, செய்து காட்டிய சிறு வேலை கண்ணில் படும். அந்த நிரலைத் தம் கம்ப்யூட்டரில் இயங்க வைப்பதே முதல் பரீட்சை. அதற்கு 'நிக்ஸ்' என்ற கருவியைப் பழக வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். பிறகு விளக்கக் குறிப்பில் ஒரு பிழை, விடுபட்ட ஒரு சோதனை என்று சிறியதாகத் தொடங்கலாம். திருத்தத்துடன், ஏன் அப்படிச் செய்தோம் என்று நான்கு வரி தெளிவாக எழுதுவது அவசியம். நிரலை ஏற்பவர் அதையும் படிக்கிறார். நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது இந்த நான்கு வரியில்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஹாஸ்கெலை மட்டும் நம்பி உட்கார்ந்தால் காத்திருப்பு நீளும். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியும் அதன் கிளைமொழி ஒன்றைப் பயன்படுத்துகிறது என்றாலும், இத்தகைய நிறுவனங்களை விரல் விட்டு எண்ணலாம். கொச்சியிலேயே வேலை வேண்டும் என்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் சுருங்கும். ஆகவே பரவலான மொழி ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டு, மாலை நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ரஸ்ட் மொழியும் கைகொடுக்கும். ஜஸ்பேயின் பணப் பரிமாற்ற மென்பொருளான ஹைப்பர்ஸ்விட்ச் அம்மொழியில்தான் எழுதப்பட்டுள்ளது. அதன் நிரலும் பொதுவில்தான் இருக்கிறது.