உங்களுக்குத் தெரியுமா? பாட்டிலே வராத சென்ட்!

திரையில் பாட்டிலைக் காட்டினால் சென்ட்டின் பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991) படத்தில் பாட்டிலே வராது. சிறைக் கண்ணாடித் தடுப்பின் துளைகள் வழியே மூச்சை இழுக்கும் ஹானிபல் லெக்டர் (ஆன்டனி ஹாப்கின்ஸ்), எதிரே இருக்கும் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பெண் பூசும் கிரீமின் பெயரைச் சொல்கிறார். அவள் எப்போதாவது போடும் சென்ட்டையும் சொல்லி, இன்று அதைப் போடவில்லை என்கிறார். குலை நடுங்க வைப்பது அந்தக் கடைசித் தகவல்தான்! அந்த சென்ட் 'லேர் து தாம்'. பாரிஸின் நினா ரிச்சி நிறுவனம் 1948-இல் வெளியிட்டது. பாட்டில் மூடியில் புறாக்கள் அமர்ந்திருக்கும். படத்துக்கு மூலமான தாமஸ் ஹாரிஸின் 1988 நாவலிலேயே இந்தப் பெயர் உண்டு. சென்ட் இன்றும் விற்பனையில் இருக்கிறது.