கை இருக்கிறது, பாகம் இல்லை

ஒமேகா, லாஞ்சின்ஸ், டிஸ்ஸாட் எல்லாம் சுவிட்சர்லாந்தின் ஸ்வாட்ச் குழுமத்துக்குச் சொந்தம். முன்பெல்லாம் இங்கிலாந்தில் சிறு ஊரில் கடை வைத்திருக்கும் ஒரு வாட்ச் மெக்கானிக்கிடம் ஓர் ஒமேகா வந்து, அதற்குச் சாவியோ மெயின் ஸ்பிரிங்கோ தேவைப்பட்டால், கசின்ஸ் என்ற மொத்த வியாபார நிறுவனத்துக்கு ஆர்டர் போடுவார். தபாலில் வந்துவிடும். 2015 டிசம்பரோடு அந்த மொத்த வியாபாரிகளுக்கு உதிரி பாகம் அனுப்புவதை ஸ்வாட்ச் குழுமம் நிறுத்தியது. கசின்ஸ் எதிர்த்தது, விவகாரம் சுவிட்சர்லாந்து நீதிமன்றங்களுக்குப் போனது. ரோலெக்ஸ் பாகங்களின் கதையும் இதுதான்: நிறுவனம் அங்கீகரித்த பட்டறைகளைத் தாண்டி நேர்வழியில் அவை வெளியே வருவதில்லை.

விலை உயர்ந்த வாட்ச் வைத்திருப்பவர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டரின் கட்டணத்தையும் மாதக்கணக்கான காத்திருப்பையும் பார்த்துவிட்டு, 'வெளி மெக்கானிக்கிடம் கொடுக்கலாமா, அவருக்குத் தெரியுமா?' என்று விசாரிக்கிறார்கள். தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவருக்குப் பாகம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

சர்வீஸ் என்றால் என்ன நடக்கிறது? இன்றைய மெக்கானிக்கல் வாட்ச்களில் பெரும்பாலானவை மணிக்கு 28,800 முறை துடிக்கின்றன. வருடத்துக்கு 25 கோடி துடிப்பு. உள்ளே இருக்கும் சக்கரங்களின் அச்சு முனைகள் தலைமுடி அளவே தடிமன். செயற்கை மாணிக்கக் கற்களின் துளையில், துளியிலும் சிறு துளி எண்ணெயில் அவை சுழல்கின்றன. சில வருடங்களில் அந்த எண்ணெய் காய்ந்துவிடும். வாட்ச் அதற்காக நின்றுவிடாது. உலோகத்தை அரைத்துக்கொண்டே ஓடும். 'நேரம் சரியாகத்தானே காட்டுகிறது' என்று விட்டுவைத்தால் கடைசியில் செலவு கூடுவது இதனால்தான்.

மெக்கானிக் மெஷினை முழுக்கப் பிரித்து, கழுவி, ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கான எண்ணெய் இட்டு, திரும்பப் பூட்டுவார். பிறகு டைம்கிராஃபரில் வைப்பார். அந்தக் கருவி துடிப்பைக் கேட்டு, நாளுக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது, பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்று காட்டிவிடும். முழுச் சாவி கொடுத்த நிலையில் 270 முதல் 300 டிகிரி வரை ஆடினால் ஆரோக்கியம். 200ஐ ஒட்டி நின்றால் எங்கோ கோளாறு. இதில் கம்பெனி ரகசியம் எதுவும் இல்லை. பயிற்சியும் பொறுமையும் நல்ல கருவிகளும் உள்ள யாரும் செய்யலாம். தேய்ந்த அச்சை லேத்தில் கடைந்து புதிதாகச் செய்யக்கூடிய கைகள்கூட இன்னும் இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கை குறைவு. குவார்ட்ஸ் வாட்ச் வந்து அடித்த அடியில், 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினரே மிஞ்சினார்கள். கைத்தொழில் கை மாறாமல் போன தலைமுறை அது.

பாகத்தின் கதைக்கு 2002ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதுவரை வெளியே வேறு வேறு பெயர் தாங்கிய ஏராளமான சுவிஸ் வாட்ச்களின் உள்ளே ஓடியது ஒரே இடத்து மெஷின்தான்: ஸ்வாட்ச் குழுமத்தின் ஈடிஏ. அதன் 2824, 7750 ரகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் உலகம் முழுக்க உண்டு. பாகமும் எங்கும் கிடைக்கும். மெஷின் தொகுதிகளை வெளியாருக்கு விற்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகக் குழுமம் அந்த ஆண்டு அறிவித்தது. சுவிஸ் போட்டி ஆணையம் தலையிட்டு அவகாசம் வாங்கித் தந்தது. அந்த அவகாசத்தில் பல நிறுவனங்கள் சொந்தமாக மெஷின் செய்யத் தொடங்கி, அதையே பெருமையாக விளம்பரமும் செய்தன.

வாங்குபவருக்கு அது பெருமை. மெக்கானிக்குக்கு, ஒரே ஒருவர் மட்டுமே பாகம் தரக்கூடிய மெஷின்களில் இன்னும் ஒன்று கூடியது. ஈடிஏ ரகங்களின் காப்புரிமை காலாவதியானதும் செலிட்டா என்ற சுவிஸ் நிறுவனம் அதே அமைப்பில் மெஷின் செய்யத் தொடங்கியது; பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆக, இந்த ரக மெஷின் ஓடும் விலை குறைந்த வாட்ச் எந்த நல்ல பட்டறையிலும் பிழைத்துக்கொள்ளும். பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கியது ஒரு சின்னச் சக்கரத்துக்காகக் கப்பலேறும்.

ஐரோப்பிய மெக்கானிக்குகள் சும்மா இருக்கவில்லை. அவர்களின் சங்கங்களின் கூட்டமைப்பு வாட்ச் நிறுவனங்கள் பாகம் தர மறுப்பதாக 2004இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2008இல் ஆணையம் தள்ளுபடி செய்தது. 2010 டிசம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய, மறுபடி விசாரணை நடந்து, 2014இல் மறுபடி தள்ளுபடி. 2017 அக்டோபரில் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நுட்பமான பொருள், தரம் காக்கப்பட வேண்டும், போலிகளைத் தடுக்க வேண்டும், தகுதியுள்ள மெக்கானிக் அங்கீகாரம் பெற வழி இருக்கிறது என்ற வாதங்கள் வென்றன.

அந்த வாதங்களில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். போலிப் பாகம் உண்மையான தலைவலி. கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்து 1999இல் ஒமேகா சந்தைக்குக் கொண்டுவந்த, துடிப்பைக் கட்டுப்படுத்தும் கோ-ஆக்சியல் அமைப்பை, பயிற்சி இல்லாதவர் தொடாமல் இருப்பதே நல்லது. ஆனால் சாவியும் ரப்பர் வளையமும் எந்த ராக்கெட் நுட்பம்? இவற்றைக்கூட விற்க மறுத்துவிட்டு, 'வெளியே போலிப் பாகம் போட்டுவிடுகிறார்கள்' என்று புகார் சொன்னால் என்ன செய்வது? நேர்வழியை அடைத்தால் சரக்கு சந்துவழியாகத்தான் வரும்.

பழைய வாட்ச் என்றால் நிலைமை தலைகீழ். கம்பெனிப் பட்டறை புதுசுபோல ஆக்கித் தர விரும்பும்: கேஸை மெருகேற்றும், முள்ளையும் டயலையும் மாற்றச் சொல்லும். சேகரிப்பவர்கள் மதிப்பதோ மாற்றப்படாத டயலை. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா 1.77 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அவர் கட்டிய வாட்ச் என்ற பெயர்தான் பெரிய காரணம், என்றாலும் அந்த ரகத்துக்கே மவுசு அதன் டயலால் வந்தது. இங்கேதான் நல்ல வெளி மெக்கானிக்கின் அருமை தெரியும்: தொட வேண்டியதை மட்டும் தொடுவார். ஒன்று மட்டும் எச்சரிக்கை. 1960களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிர்ந்த டயல்களில் ரேடியம் இருக்கலாம். அதை வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

ரோலெக்ஸும் ஒமேகாவும் இப்போது 5 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. அதற்குள் வெளியே கொடுத்தால் உத்தரவாதம் போய்விடும். பிறகு கொடுப்பதாக இருந்தால், டைம்கிராஃபர் கணக்கை சர்வீசுக்கு முன்னும் பின்னும் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். மெருகேற்ற வேண்டாம் என்பதை ரசீதிலேயே எழுத வையுங்கள். தண்ணீர் புகாத வாட்ச் என்றால், மூடிய பின் அழுத்தச் சோதனை செய்யும் கருவி கடையில் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதோடு நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள். மாற்றுப் பாகம் போட்டதைப் பின்னால் கம்பெனியில் கண்டுபிடித்தால், அதை எடுத்துவிட்டு அசல் போட்டால்தான் கை வைப்போம் என்பார்கள். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சுவிஸ் வாட்ச்களின் இறக்குமதி வரி படிப்படியாகக் குறையும். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022இல் எடுத்துக்கொண்ட துறைகளோ நான்கு: விவசாயக் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோக சாதனங்கள், வாகனங்கள். கைக்கடிகாரம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.