சவேரியார் கண்ட வினைச்சொல்

சிப்பியின் மேலோட்டைப் பார்த்து, உள்ளே முத்து உண்டா இல்லையா என்று எவராலும் கூற இயலாது. முத்துக்குளித்துறை மக்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம். நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டு 1961. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சிப்பிகளைத் திறவாமலேயே கரை சேர்த்துப் பங்கிடுவது முறையாக இருந்தது. அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு. குளித்தவர்க்கு ஒரு பங்கு. கரை சேருமுன் சிப்பியைத் திறந்து முத்தை ஒளித்துக் கொள்ளும் சோதனை அன்றும் இருந்தது. ஆயினும் குளிப்பவரின் உயிரோ, வள்ளத்தில் கயிறு பிடித்து நின்றவரின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றுக்கு நம்பிக்கையைத் தவிர வேறு பிணை ஏது?

யாரும் காணாத வேளையில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதே நம் ஒழுக்கத்தின் உரைகல். இதனை நம் கரையின் அப்போஸ்தலரான புனித சவேரியார் இரண்டு மடல்களில் கூர்மையாக எடுத்துரைத்துள்ளார்.

1525இல் பாரீசுப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் விளங்கியவர் அவர். 1542இல் நம் கரைக்கு வந்தார். இங்கு உழைத்த அனுபவத்தோடு, 1544 சனவரியில் கொச்சியிலிருந்து தம் தோழர்களுக்கு எழுதிய மடலில் மாணவர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். கல்வி மிகுந்தும் அதை நற்பயனாக்கும் மனம் குன்றியவர்களிடம் சென்று, அறிவிழந்தவனைப் போல் கூவி எச்சரிக்க வேண்டும் என்று தமக்குப் பலமுறை தோன்றியதாம். பதவியையும் வருவாயையும் நாடியே பலர் படிக்கிறார்கள் என்பது அவருடைய வருத்தம்.

மறு ஆண்டு, 1545 சனவரியில், போர்த்துக்கல்லிலிருந்த தோழர் ஒருவருக்கு மற்றொரு மடல் வரைந்தார். இலத்தீனில் ‘ராப்பியோ’ என்றால் ‘நான் பறிக்கிறேன்’ என்று பொருள். இங்கு வரும் அதிகாரிகள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு எத்தனை புதிய காலங்களையும் வடிவங்களையும் கண்டுபிடிக்கிறார்கள் என்று அவர் வியந்தார். சிரிப்பு மூட்டும் சொற்கள்தாம். ஆனால் அவற்றின் பின்னால் இருந்தது கண்ணீர்.

அந்த வினைச்சொல் இன்று வழக்கொழிந்து விட்டதா? தேர்வுக் கூடத்தில் அடுத்தவன் விடையைப் பார்த்து எழுதும் மாணவன் அதன் முதல் வடிவத்தைக் கற்கிறான். “ஒரு மதிப்பெண்தானே” என்கிறான். அவனே நாளை துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுவான். உப்பு லாரியை எடை மேடையில் நிறுத்துவான். கடற்கரை ஏலத்தில் மீனை நிறுப்பான். அன்று “ஒரு மூட்டைதானே, ஒரு கிலோதானே” என்று சொல்ல அவன் நாவு தயங்காது. உழைக்காத நேரத்துக்குக் கூலி பெறும் தொழிலாளியும், உழைத்த கூலியைக் குறைக்கும் முதலாளியும் இந்த ஒரே இலக்கணத்தையே ஓதுகிறார்கள்.

“எல்லாரும் செய்கிறார்களே!” என்பது நாம் அடிக்கடி கேட்கும் சமாதானம். சவேரியார் கண்டதும் எல்லாரும் செய்ததைத்தான். பலர் செய்வதால் பாவம் வழக்கமாகலாம், நீதியாகாது. சிறியதில் உண்மையற்றவன் பெரியதிலும் உண்மையற்றவனே என நம் ஆண்டவர் எச்சரித்துள்ளார்.

திருச்சபையின் போதனை இங்கு மிகத் தெளிவு. அநீதியாய் எடுத்ததை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் பெறும் மன்னிப்பு இக்கடமையை நீக்கிவிடாது. நேரில் கொடுக்க வெட்கமெனில் பிறர் வழியாகவேனும் சேர்ப்பிக்கலாம். உரியவரைக் காண வழியே இல்லையெனில் அப்பொருள் ஏழைகளுக்கு உரியது. உரியவர் அடுத்த தெருவில் இருக்க, பனிமய அன்னைக்குக் காணிக்கை செலுத்திக் கணக்கை முடித்துவிட இயலாது. சக்கேயு நான்கு மடங்கு திருப்பித் தர முன்வந்த நாளில்தான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது.

பெற்றோரே, பிள்ளை தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் கேட்கிறோம். அதைப் பெற்ற வழியைக் கேட்கிறோமா? வீட்டுக்கு வரும் பணத்தை எண்ணுகிறோம். அது வந்த வழியை எண்ணுகிறோமா? குறைந்த மதிப்பெண்ணோடு நேர்மையாய் வந்த பிள்ளையை அன்று அணைத்துக் கொள்ளும் தாயே, அவன் வாழ்நாள் முழுவதற்குமான நீதியைக் கற்பிக்கிறாள்.

இன்றிரவு குடும்ப செபத்துக்குப் பின், நாம் யாருக்கு என்ன திருப்பித் தர வேண்டும் என்று ஒவ்வொருவரும் சிறிது நேரம் எண்ணிப் பார்ப்போம். எண்ணியதை நாளையே செய்து முடிப்போம்.