குளிர்காலத்தில் வறளும் முகத்திற்கு வீட்டிலேயே ஒரு பூச்சு

நவம்பர் மாதம் பிறந்து வீட்டில் வெப்பமூட்டியைப் போடத் தொடங்கியதும் எமது குடும்பங்களில் முதலில் முறைப்பாடு செய்வது முகம்தான். கன்னம் இழுக்கும், மூக்கோரம் செதில் செதிலாக உரியும், உதடு வெடிக்கும். எமது மண்ணிறத் தோலில் இந்த வறட்சி சாம்பல் பூத்தது போல உடனே தெரிந்துவிடும். கடையில் வாங்கும் கிறீம் எரிகிறது, வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, விலையும் அதிகம் என்று சொல்பவர்கள் பலர். எண்ணெய், கொழுப்பு வகைகளைக் கொண்டு வீட்டிலேயே முகப்பூச்சு செய்யலாமா என்று எம்மிடம் கேட்கிறார்கள். செய்யலாம். செய்வது மிகவும் இலகு. ஆனால் அது என்ன வேலை செய்யும், என்ன வேலை செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். முக்கியமாக, வீட்டில் கைக்குழந்தையோ எக்சிமா உள்ள பிள்ளையோ இருந்தால் இக்கட்டுரையின் பிற்பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

ஊரில் வேர்த்து வழிந்த அதே முகம் இங்கு றொரன்ரோவில் ஏன் காய்கிறது? குளிர்ந்த காற்றினால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. வெளியே -10 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்திருக்கும் காற்றை வீட்டுக்குள் எடுத்து 21 பாகைக்குச் சூடாக்கினால், வேறு ஈரம் சேராத பட்சத்தில், அதன் சார் ஈரப்பதன் சுமார் 12 வீதமாகக் குறைந்துவிடும். இப்படிக் காய்ந்த காற்று எங்கிருந்தாவது நீரை உறிஞ்சப் பார்க்கும். பூச்செடி, மரத் தளபாடம், எமது தோல் எல்லாமே அதற்கு ஒன்றுதான்.

தோலின் மேற்படையை ஒரு கல் மதிலாக நினைத்துப் பாருங்கள். இறந்த கலங்கள் கற்கள். அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புகள் சாந்து. இந்தச் சாந்து நன்றாக இருக்கும்வரை உள்ளே உள்ள நீர் வெளியேறாது. சுடுநீரில் நெடுநேரம் குளிப்பதும் கடுமையான சவர்க்காரத்தால் முகம் கழுவுவதும் சாந்தைக் கரைத்துவிடும். ஆகவே எந்தப் பூச்சுக்கும் முன்னர் செய்ய வேண்டியது, இளஞ்சூட்டு நீருக்கு மாறுவதும் வாசனைச் சவர்க்காரத்தை முகத்திலிருந்து விலக்கி வைப்பதும்தான்.

எண்ணெய் ஈரம் தராது

இதைத்தான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். எண்ணெயிலும் ஷியா பட்டரிலும் நீர் இல்லை. ஆகவே அவை தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரம் போகாமல் மூடி வைக்கின்றன. உரிந்து நிற்கும் செதில்களை மிருதுவாக்குகின்றன. கடைக் கிறீம்களில் நீரும், நீரைப் பிடித்து வைக்கும் கிளிசரின் போன்றவையும், மூடி வைக்கும் கொழுப்பும் சேர்ந்திருக்கும். நாம் வீட்டில் செய்வது அந்த மூன்றாவது பகுதியை மட்டுமே.

எனவே காய்ந்த முகத்தில் எண்ணெய்ப் பூச்சைத் தேய்த்துவிட்டு, இன்னும் வறட்சியாக இருக்கிறதே என்று குறைப்பட்டுப் பயனில்லை. முகத்தைக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரக்கசிவு இருக்கும்போதே ஓரிரு நிமிடத்துக்குள் பூச வேண்டும். நீரைத் தருவது குழாய். அதைப் பூட்டி வைப்பது எமது பூச்சு. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதிப் பலன் கிடைத்துவிடும்.

செய்முறை

30 கிராம் ஷியா பட்டர், 20 கிராம் சூரியகாந்தி எண்ணெய். இவ்வளவுதான். எண்ணெயை நிறுக்க வசதி இல்லாவிட்டால் ஒன்றரை மேசைக்கரண்டி என்று கொள்ளலாம். பனிக்காற்றில் நின்று வேலை செய்பவர்கள், பேருந்துக்காக நெடுநேரம் காத்திருப்பவர்கள் இதனுடன் 3 கிராம் தேன்மெழுகையும் சேர்த்தால் பூச்சு சற்று இறுக்கமாக, காற்றைத் தடுக்கும் விதமாக அமையும்.

முதலில் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலையும் மூடியையும் சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, ஒரு துளி நீரும் இல்லாமல் நன்றாகக் காயவிடுங்கள். ஒரு சட்டியில் கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். தேன்மெழுகு சேர்ப்பதாயின் அதை எண்ணெயுடன் முதலில் போடுங்கள். அது உருகுவதற்கு 60 பாகைக்கு மேல் வேண்டும். ஷியா பட்டர் ஏறக்குறைய உடற்சூட்டிலேயே உருகிவிடும் என்பதால் அதைக் கடைசியில் போட்டு, உருகியவுடன் இறக்கிவிடலாம்.

இப்போது ஆறவைக்கும் கட்டம். மேசையில் வைத்து ஆறுதலாக ஆறவிட்டால் சில நாட்களில் பூச்சு ரவை ரவையாகத் திரண்டுவிடும். ஷியா பட்டரில் உள்ள வெவ்வேறு கொழுப்புகள் வெவ்வேறு வெப்பநிலைகளில் உறைவதே காரணம். கெட்டுப்போகவில்லை, முகத்தில் பூசத்தான் பிடிக்காது. போத்தலில் ஊற்றி உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவாக உறையவிட்டால் மிருதுவாக வரும். ஒருமுறை திரண்டுவிட்டாலும் திரும்ப உருக்கி விரைவாகக் குளிரவிட்டால் சரியாகிவிடும்.

முகம் முழுவதுக்கும் ஒரு கடலைப் பருப்பளவு போதும். உள்ளங்கையில் வைத்து உருக்கி ஒற்றிப் பூசுங்கள். கூடினால் தாய்ச்சி வைத்தது போல மினுங்கும். தலையணை உறைக்கும் கேடு.

ஏன் இந்த இரண்டும்?

ஷியா மரம் மேற்கு ஆபிரிக்காவின் வறண்ட புல்வெளிப் பகுதிகளில் வளர்வது. கானா, புர்க்கினா பாசோ, மாலி, நைஜீரியா போன்ற நாடுகளில் கிராமத்துப் பெண்கள் அதன் விதையை வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கடைந்து கொழுப்பைப் பிரித்து எடுக்கிறார்கள். எமக்கு இது முற்றிலும் அந்நியமான பொருள் அல்ல. எமது இலுப்பை மரமும் ஷியா மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கோயில் விளக்குக்கு ஊற்றிய இலுப்பை எண்ணெய் குளிரில் உறைவதைக் கண்டவர்களுக்கு ஷியா பட்டரின் குணம் உடனே விளங்கும். இங்கு ஆபிரிக்கக் கடைகளில் மஞ்சள் கலந்த தந்த நிறத்தில் கட்டியாகக் கிடைக்கும். சுத்திகரிக்கப்படாததில் புகை கலந்த ஒரு மணம் இருக்கும். மணம் பிடிக்காதவர்கள் சுத்திகரிக்கப்பட்டதை வாங்கலாம். தோலை மூடி வைக்கும் வேலையில் பெரிய குறைவு இல்லை.

சூரியகாந்தி எண்ணெயா, ஒலிவ் எண்ணெயா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ந்தவர்களின் முன்கையில் இரண்டையும் சில வாரங்கள் பூசிப் பார்த்து 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒலிவ் எண்ணெய் பூசிய இடத்தில் தோலின் மதில் பலவீனப்பட்டு, இலேசாகச் சிவந்தும் இருந்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடத்தில் அப்படி நிகழவில்லை; ஈரப்பதனும் கூடியது. சூரியகாந்தியில் நிறைந்துள்ள லினோலெயிக் அமிலம் தோலின் சாந்துக்குத் தேவையான ஒரு பொருள். ஒலிவில் மிகுந்திருப்பது ஒலெயிக் அமிலம். அது சாந்தைக் குலைக்கக்கூடியது. கறிக்கு ஒலிவ் எண்ணெய் நல்லது, முகத்துக்கு வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். சூரியகாந்தி எண்ணெயிலும் ஒலெயிக் அமிலம் கூட்டப்பட்ட வகை இப்போது பரவலாக விற்பனையாகிறது. பொரிப்பதற்கு அது நல்லது. எமக்கு வேண்டியது மற்றது. போத்தலில் ஒட்டியிருக்கும் ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள்: பல்நிறைவுறாக் கொழுப்பின் அளவு, ஒற்றை நிறைவுறாக் கொழுப்பின் அளவைவிட அதிகமாக இருந்தால் அதுதான் சரியான போத்தல்.

எமது தேங்காய் எண்ணெய் எங்கே என்று கேட்பீர்கள். அது மோசமில்லை. பிலிப்பைன்சில் செய்யப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வு ஒன்றில், வறண்ட கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு நிகராகப் பயன் தந்தது. கைகால்களுக்குத் தாராளமாகப் பூசலாம். ஆனால் முகத்தில், அதிலும் பருவ வயதுப் பிள்ளைகளின் முகத்தில், அது துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டிவிடும். கொக்கோ பட்டரும் அப்படித்தான். பரு உள்ள பிள்ளைகளுக்கு எந்தக் கொழுப்புப் பூச்சையும் தாய்மார் வற்புறுத்திப் பூசாமல் விடுவது நல்லது. மூக்கோரத்திலும் புருவத்திலும் எண்ணெய்ப்பசையான மஞ்சட் செதில் வருபவர்களுக்கும் இது பொருந்தும். அது வெறும் வறட்சி அல்ல. தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சணத்தோடு தொடர்புடையது. எண்ணெய் அந்தப் பூஞ்சணத்துக்கு உணவு.

போத்தலுக்குள் போடக்கூடாதவை

கற்றாழை, பன்னீர், தேன், தயிர், எலுமிச்சம் சாறு என்று எதையாவது சேர்த்தால் இன்னும் நல்லதாயிருக்கும் என்று தோன்றும். வேண்டாம். இந்தப் பூச்சு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணமே அதில் நீர் இல்லாததுதான். கொஞ்சம் நீர் போனாலும் பக்டீரியாவும் பூஞ்சணமும் வளரும், கண்ணுக்கும் தெரியாது. விற்றமின் ஈ சேர்த்தால் போதும் என்பதும் சரியல்ல. அது எண்ணெய் சிக்கு மணம் அடிப்பதைத் தாமதப்படுத்துமே தவிரக் கிருமியைக் கொல்லாது. ஈரக் கையை உள்ளே விடாமல் காய்ந்த கரண்டியால் எடுத்து, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வாசனைக்காகச் சொட்டு விடும் லவெண்டர், தேயிலை மர எண்ணெய் போன்றவை ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. எலுமிச்சை, தேசிக்காய்த் தோலில் பிழியும் எண்ணெய் முகத்தில் இருக்க வெயில் பட்டால் தோல் வெந்து கறுக்கவும் கூடும். இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்று நினைக்க வேண்டாம்; காஞ்சோண்டியும் இயற்கைதான். எண்ணெயைச் சூடாக்கிக் கற்பூரம் போடும் பழக்கம் எம்மிடையே உண்டு. சிறு குழந்தை உள்ள வீட்டில் அதைக் கைவிடுங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும்.

குழந்தைகளும் எக்சிமாவும்

எக்சிமா உள்ள பிள்ளையின் தோலில் மதில் ஏற்கனவே இடிந்திருக்கிறது. பாடநூற் படங்களில் அது சிவப்பாகக் காட்டப்படும். எமது நிறத்தில் கருமண்ணிறமாகவோ ஊதா கலந்த சாம்பல் நிறமாகவோ தெரியும். அதனால் வெறும் வறட்சி என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். சொறிந்து சொறிந்து நித்திரை கெடும் பிள்ளைக்கு, முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தடித்துப்போன பிள்ளைக்கு, நீர் கசியும் புண் உள்ள பிள்ளைக்கு வீட்டுப் பூச்சு வைத்தியமாகாது. குடும்ப வைத்தியரிடம் காட்டி, அவர் தரும் மருந்தை அவர் சொன்ன அளவில் பாவியுங்கள்.

இன்னொன்று. உணவுப் பொருளிலிருந்து வரும் எண்ணெயை வெடித்த தோலில் பூசுவது ஆபத்தாகலாம். பிரித்தானியாவில் செய்யப்பட்டு 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், நிலக்கடலை ஒவ்வாமை வந்த பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் கடலை எண்ணெய் கலந்த கிறீம்கள் பூசப்பட்டிருந்தமை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. ஓர் உணவை உடல் வாய்வழியாக முதலில் சந்தித்தால் அதை ஏற்கப் பழகுகிறது. உடைந்த தோல்வழியாகச் சந்தித்தால் எதிரியாக அடையாளம் காணக்கூடும் என்று வைத்தியர்கள் விளக்குகிறார்கள். கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய் மட்டுமல்ல, நாம் நல்லதென்று பெயரே வைத்துவிட்ட எள்ளெண்ணெயும் இதில் அடங்கும். கனடாவில் முக்கிய ஒவ்வாமை உணவுகளின் பட்டியலில் எள்ளும் இருக்கிறது. அம்மம்மாவிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். பிள்ளையைப் பிடித்து உருவி விடுவதை நிறுத்தச் சொல்லவில்லை; எண்ணெயை மட்டும் மாற்றச் சொல்கிறோம். எக்சிமா உள்ள குழந்தைக்கு வாசனையற்ற பெற்றோலியம் ஜெலி இயற்கையானது அல்ல என்றாலும் மலிவானது, நீரை மூடி வைப்பதில் எந்த எண்ணெயையும்விடச் சிறந்தது, ஒவ்வாமை தருவதும் மிக அரிது.

வளர்ந்தவர்களும் புதிய பூச்சை நேரே முகத்தில் போடாமல், முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறு இடத்தில் நாளுக்கு இருமுறை ஒரு வாரம் பூசிப் பாருங்கள். கடித்தாலோ தடித்தாலோ கைவிட்டுவிடுங்கள். வெயிலுக்கு இந்தப் பூச்சு காப்பல்ல. பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் முகத்தைக் கறுக்கச் செய்யும் என்பதால் பகலில் வெளியே நெடுநேரம் நிற்பவர்கள் இதன் மேல் வெயில் காப்புக் கிறீமும் பூச வேண்டும்.

கிண்ணத்தில் ஒட்டியதைக் குழாயில் ஊற்றாதீர்கள், உள்ளே போய் உறைந்து அடைத்துவிடும். பழைய துணியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெய் ஊறிய துணியையும் துவாயையும் உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தில் போடவேண்டாம். தாவர எண்ணெய் ஊறிய துணி அந்தச் சூட்டில் தானாகவே தீப்பற்றக்கூடும்.